பரஸ்தானம் வச்ச ஷூ

எதிர் ஃப்ளாட் கதவுல பூட்டு தொங்கறது. உள்ளே என்னோட ட்ரெக்கிங் ஷூ. கசாரா போற லோக்கல் ரயிலுக்கோ நேரமாச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு, எங்காத்துக்காரர் பத்ரியை மாட்டுங்கா ஸ்டேஷன்லேயே விட்டுட்டுப் போயிருக்கணும்.

என்ன பண்ணினார் தெரியுமோ? ஞாயித்துக்கிழமை விடிகாலை கிளம்பற வேளை நன்னா இல்லையாம். அதனால முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணம் கிளம்பியாச்சுன்னு பேருக்கு, என் பையைக் கொண்டுபோய் எதிராத்து வாலாம்பாள்கிட்ட பரஸ்தானம் வச்சுட்டார். அவளுக்கு நெருள்லேர்ந்து பொண்ணு கூப்பிட்டா, பூட்டிண்டு போயிட்டா. ஷூ அந்தப் பையிலதான்.

"வேணும்னே பண்ணினேளா?"

"சத்தியமா இல்லைடி ஷ்யாமளா!"

மூஞ்சியைப் பார்த்தா பாவமாத்தான் இருந்தது. ஆனா சந்தேகம் வராதா? எனக்கு ஆஞ்சியோபிளாஸ்டி ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் என்னை ஊறுகாய் ஜாடி மாதிரி மூலையில வைக்கப் பார்க்கறார். டாக்டரே மலை ஏறலாம்னுட்டார், இவருக்கு மனசு வரலை. கடைசியில ஒரு பந்தயம். கசாரா பக்கத்து மலை மேல இருக்கற ஏரி வரைக்கும் நானே ஏறிட்டா, மே மாசம் நான் ஹிமாலயா போறதை அவர் தடுக்கப்படாது. நடுவுல திரும்பினா, மலைங்கற பேச்சையே நான் எடுக்கப்படாது. அவர் கூட வரலாம், ஆனா ஏறி முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்கப்படாது.

அவரோட வாக்கிங் ஷூவை ரெண்டு சாக்ஸோட மாட்டிண்டேன். அப்பவும் தொளதொளன்னுதான் இருந்தது. அவர் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுண்டார்.

கசாராவுல இறங்கி ஜீப்புல போனா ஏரிக்கு ஏறற மலை இடுக்கு. ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பாறை, நடுவுல மழைத்தண்ணி உருட்டிண்டு வந்த கல்லுதான் வழி. எங்களைக் கூட்டிண்டு போன வந்தனா, "காகூ, ஆராம் ஸே"ன்னு, அதான் மாமி மெதுவான்னு, சொல்லிண்டே முன்னாடி ஏறினாள். ஆராமாவது ஒண்ணாவது! ஒவ்வொரு கல்லுலயும் ஷூ ஒரு பக்கம் போறது, என் கால் ஒரு பக்கம் போறது. வாலாம்பாளையும் பஞ்சாங்கத்தையும் மனசுக்குள்ள திட்டிண்டே ஏறினேன். திட்டறதுக்கு ஆள் இருந்தா மூச்சு வாங்கறது தெரியறதில்லை.

ஏரிக்கு முன்னாடி கடைசியா ஒரு பெரிய பாறை. பாதியில ஷூ வழுக்கி, முட்டி சிராய்ஞ்சு ரத்தம் வந்துடுத்து.

"போதும் காகூ, திரும்பிடலாம். இதுல ஒண்ணும் வெட்கமில்லை," ன்னாள் வந்தனா.

கீழே பார்த்தேன். இவர் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திண்டு நிக்கறார், கண்ணெல்லாம் தண்ணி. எனக்கும் உட்கார்ந்துடலாம் போலத்தான் இருந்தது. உட்கார்ந்தா இனிமே ஆயுசுக்கும் பால்கனிதான். சீ போ, ஷூவே வேண்டாம்! சாக்ஸையும் கழட்டி, லேஸை முடிஞ்சு ஷூவைக் கழுத்துல மாட்டிண்டேன். வெறுங்கால் விரலைப் பாறை வெடிப்புல சொருகி, ஊர்ந்து, தவழ்ந்து, எப்படியோ மேலே வந்தேன்.

ஏரி! எதிர்க்கரை வரைக்கும் தண்ணி. "வந்துட்டேண்டீ!"ன்னு வந்தனாவைக் கட்டிண்டு கத்தினேன்.

இவர் மெதுவா ஏறி வந்து பக்கத்துல உட்கார்ந்தார்.

"ம், இப்போ பேசலாம்," ன்னேன்.

"நீ ஜெயிச்சுட்டே. ஹிமாலயா போயிட்டு வா." என் முட்டி ரத்தத்தைத் துடைச்சுண்டே, "நீ ஏறிட்டா என் பயம் போயிடும்னு நினைச்சேன். போகலைடி. ஜாஸ்திதான் ஆயிருக்கு."

கத்தலாம்னுதான் வாயெடுத்தேன். என்னை நம்பலைன்னுதானே இத்தனை நாள் கோபப்பட்டேன்? இது வெறும் பயம்னா! கையைப் பிடிச்சேன்.

"பயப்படுங்கோ. நான் மலையில இருக்கறச்சே ஆத்துல உட்கார்ந்து நன்னா பயப்படுங்கோ. ஆனா நான் போவேன்."

"சரி," ன்னார்.