இருட்டில் வைத்த குடுவை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்கிறவள் நான். ஆனால் மூன்று மாதமாக, ஆய்வகத்து மர அலமாரிக்குள் குடுவையை வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், உள்ளேயிருந்து என் தம்பி கேட்கிறான். "அக்கா, ஆச்சா?"

கப்பலுக்கு எரிபொருளாகப் போடும் கெட்டி எண்ணெயைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. முதலில் ஹெப்டேன் என்ற கரைப்பானை ஊற்றிச் சூடாக்கி, குடுவையை இரண்டு மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். கரையாத கருப்பு மட்டும் அடியில் படியும். அது நூற்றுக்கு எட்டுக்கு மேல் போனால் ஃபில்டரை அடைக்கும், எண்ணெய் என்ஜினுக்கு ஆகாது.

கப்பலில் என்ஜின் பார்த்த தம்பி, மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் எண்ணெய்ப் புட்டியோடு தானே வந்து நின்றான். "சீக்கிரம் விடுக்கா, சாயங்காலம் கிளம்பணும்." அவன் கெஞ்சினால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே புத்தி வேலை செய்யாது. அரை மணியில் குடுவையை எடுத்துவிட்டேன். நூற்றுக்கு ஆறு. தாராளமாகப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

நடுக்கடலில் ஃபில்டர் அடைத்து என்ஜின் நின்றது. புயல் கப்பலைப் பாறையில் கொண்டுபோய் மோதியது. கீழே என்ஜின் அறையில் இருந்தவன் மேலே வரவேயில்லை. விசாரணைக்கு வந்த மகானுபாவர்கள், அவன் ஃபில்டரைக் கழுவாத சோம்பேறி என்று எழுதிவைத்தார்கள். செத்தவன் எதிர்த்துப் பேசவா போகிறான்? உயிரோடிருந்த நானும் பேசவில்லை.

இன்று காலை அவன் மனைவி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, அவரு அப்படிப்பட்ட ஆளா?"

சோதித்த மீதி எண்ணெயை மூன்று மாதம்தான் வைத்திருப்போம், இன்று கொட்டிவிடுவார்கள். அந்தப் புட்டியை எடுத்தேன். அவளை எதிரே உட்காரவைத்து, இந்த முறை முழுசாக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளேயிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. பிறகு வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டேன்.

பதினொன்று.

"அவன் தப்பில்லம்மா, என் தப்பு. அவசரப்படுத்தினான்னு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே எடுத்துட்டேன்."

புது அறிக்கையில் கையெழுத்திட்டு நீட்டினேன். வேலை போகும், மானமும் போகும். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் முன்னால் நின்றேன்.

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"கப்பல் கிளம்பின அன்னைக்கு திடீர்னு வீட்டுக்கு வந்தாரு, அண்ணி. இன்னும் நேரம் இருக்குன்னு பாப்பாவுக்குத் தலை வாரி விட்டாரு. மடியில போட்டுத் தூங்க வச்சிட்டுத்தான் போனாரு. அவருக்கு எப்படி நேரம் கெடச்சுதுன்னு இத்தன நாளா எனக்குத் தெரியல."