புதுப் பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

சிநேகிதி அருள்மலரிடம் நான் போனில் சொன்னது பச்சைப் பொய். கடைக்காரன் பழுதான சாமானைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டான் என்று ஒரு மணித்தியாலம் அழுதேன். நடந்ததை இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கம்சிகாவுக்குப் பத்தொன்பது வயது. கடதாசி இலக்கைச் சுடுகிற விளையாட்டில் அவளுக்குப் பைத்தியம். லண்டனில் நிஜப் பிஸ்டலை யாரும் சும்மா வைத்திருக்க முடியாது. இது காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகிற சாமான். வருஷம் முழுக்கச் சனிக்கிழமை ஷிப்ட் செய்து வாங்கினாள். பெட்டியைப் பூட்டிவிட்டு, "அம்மா, இதை மட்டும் தொட்டிடாதேங்கோ" என்றாள்.

நான் சொன்னால் கேட்கிற ஆளா? புதுக் கார், புது ஃப்ரிட்ஜ், என் மனுசனுடைய ட்ரில் மெஷின் வரைக்கும் பொட்டு வைத்தவள். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியதை மட்டும் மொட்டையாக விடுவேனா? அவள் வேலைக்குப் போன நேரம் திறப்பைத் தேடியெடுத்துப் பெட்டியைத் திறந்தேன். மனோர் பார்க் முருகன் கோயிலில் தந்த சந்தனத்தைக் குழைத்து, பிஸ்டலின் மேலே பள்ளமாக இருந்த இடத்தில் தாராளமாக ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன். காய்ந்ததும் துணியால் துடைத்துவிட்டேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சுடப் போகிற கிளப்பின் அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஐம்பது நிமிஷத்தில் நாற்பது குண்டு சுட வேண்டும். நானும் நெற்றி நிறையச் சந்தனத்தோடு போய்ப் பின்னாலிருந்த கதிரையில் இருந்தேன். முதல் குண்டே இலக்குக்குக் கீழே போனது. மூன்றாவதை வைத்து அழுத்தியபோது பிஸ்டலின் மூடி பூட்டுப்படவில்லை. கம்சிகா கையை உயர்த்தினாள்.

பொறுப்பாளர் கீத் வந்தார். அறுபது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். வேறு டின்னிலிருந்து குண்டு எடுத்து வைத்துப் பார்த்தார். காற்று போதுமா என்று மீற்றரைப் பார்த்தார். விசையை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரி, மூடி மட்டும் மாட்டேன் என்றது. மணிக்கூடு தன் பாட்டுக்கு ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? புதுச் சாமான் இப்படியென்றால் அந்தக் கடையைச் சும்மா விடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். கீத் அமைதியாக விளங்கப்படுத்தினார்: பிஸ்டலில் பழுதென்றால் போன நேரத்தைத் திருப்பித் தருவோம், சொந்தக்காரரின் கவனக்குறைவென்றால் தர முடியாது. பிறகு, வேறு யாராவது இதைத் தொட்டார்களா என்று அவளைக் கேட்டார். ஒருவரும் தொடவில்லை என்றாள் என் பிள்ளை.

அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். கீத்தின் விரல் நின்ற இடம், நான் பொட்டு வைத்த அதே பள்ளம். குண்டு வைக்கிற இடம் அதுதானாம். அங்கே பாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் துப்புரவாக்கியிருப்பார். அவ்வளவு கத்திவிட்டு, அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால், துவக்குக்குப் பொட்டு வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது நிமிஷம் குத்துக்கல்லு மாதிரி இருந்தேன்.

கடைசியில் கீத் டோர்ச் அடித்துப் பார்த்து, காது துடைக்கிற குச்சியால் சுரண்டினார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்தது. கம்சிகா குச்சியை வாங்கி மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள். உடனே திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சால்வைத் தலைப்பால் என் நெற்றியை அழுத்தித் துடைத்தேன். கீத் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. துடைத்து முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இது என்னவென்று கீத் கேட்டார். தன்னுடைய மேக்கப், தான்தான் கவனிக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். நான் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

போன நேரம் போனதுதான். மிச்ச நேரத்தில் இருபத்தாறு குண்டு சுட்டாள், அத்தனையும் நடுக் கறுப்புக்குள். அணியில் அவள் பெயர் வரவில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, நெத்தியில இன்னும் கொஞ்சம் கிடக்கு. துடையுங்கோ, ஆக்கள் பாப்பினம்."

எனக்குக் கை எழும்பவில்லை.