நெய்ச்சோற்று டப்பா

என் உடம்பில் அடுத்தவருக்குப் பயன்படுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு, ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் என்பார்கள். மூளை இல்லை என்பதை வலங்கைமானில் என் உரக்கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். புருஷனாக லாயக்கில்லை என்பதைப் பெண் வீட்டார் பலர் சொல்லிவிட்டார்கள். தட்டணுவை மட்டும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

அதிராம்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் விற்கும் மீரா உசேனின் மகள் நுஸைபாவுக்கு ரத்தத்தில் தட்டணு ஊறுவதில்லை. பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் நிற்காது. யார் கொடுத்ததை ஏற்றினாலும் அவள் உடம்பு விரட்டிவிடும். என்னுடையதை மட்டும் ஏனோ வீட்டுக்குள் விட்டது. அதனால் அவள் அட்மிட் ஆகும்போதெல்லாம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மெஷினுக்குக் கையைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பேன். என்னை யாராவது போனில் கூப்பிடுவது அதற்குத்தான்.

முதல் தடவை கொடுப்பதற்கு முந்தின நாள் என்னை வீட்டுக்கு அழைத்து, நுஸைபாவின் அம்மா ஹமீதா பானு நெய்ச்சோறும் வறுத்த கொடுவா மீனும் போட்டார். மறுநாள் என் ரத்தத்தைக் குழாயில் எடுத்துப் பார்த்தால் மேலே பால் மாதிரி கொழுப்பு மிதந்தது. எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நுஸைபா அன்று முழுக்க வாயில் பஞ்சோடு கிடந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ரசம் சோறுதான். தட்டணு கொடுத்து முடித்த பிறகு நெய் சாப்பிடலாம் என்று டாக்டர் வானதி சொல்லியும் ஹமீதா பானு கேட்கவில்லை. ரசம் சோறு தூக்குவாளியில் வரும். வாளியை வெறுமையாகத் திருப்பித் தரலாமா? அடுத்த முறை எலுமிச்சையோ உளுந்தோ போட்டுக் கொண்டுபோவேன்.

போன வருஷம் டாக்டர் வானதி என் ரத்தத்தில் கொஞ்சம் வாங்கி ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார். அதிலுள்ள செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து தட்டணு வளர்க்கப் போகிறார்களாம். எனக்கு விளங்க வேண்டுமென்று, நாற்றங்கால் மாதிரி என்றார். ஒரு தடவை விதை கொடுத்தால் போதும், பிறகு நான் தேவையில்லை.

அந்தத் தட்டணுவை நுஸைபாவுக்கு ஏற்றிய அன்று, ஒத்துக்கொள்ளாவிட்டால் இருக்கட்டும் என்று என்னையும் வரச் சொன்னார்கள். நெய் தொடாமல், தட்டணுவைக் கெடுக்குமென்று தலைவலிக்கு மாத்திரைகூடப் போடாமல், மாப்பிள்ளை மாதிரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒத்துக்கொள்ளாமல் போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு ஈறில் ரத்தம் வர வேண்டும் என்றுதானே அர்த்தம்? எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவள் ரத்தத்தில் தட்டணுவை எண்ணிப் பார்த்தார்கள். ஏறியிருந்தது. தங்கியும் இருந்தது.

"மாமா, உங்களுக்கு ரிட்டயர்மென்ட்," என்றாள் நுஸைபா. "பென்ஷன் கிடையாது."

நான் சிரித்தேன். மீரா உசேன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹமீதா பானு ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஓட்டலில் பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் டப்பா.

"நெய்ச்சோறுண்ணே. இனிமே பயமில்லாம சாப்பிடுங்க. வாளிய தூக்கிக்கிட்டுத் திரும்ப அலைய வேணாம்னு இதுல போட்டேன். சாப்பிட்டுட்டு வீசிடுங்க."

என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு வலங்கைமான் வரைக்கும் தாங்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நல்ல நெய். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. வராதது நல்ல சேதி என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

உளுந்து அறுவடை முடிந்ததும் அந்த டப்பா நிறைய உளுந்தைக் கொட்டி, மூடி நிற்காததால் ரப்பர் பேண்ட் போட்டு, அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த ஹமீதா பானுவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னண்ணே, ஆஸ்பத்திரியில ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா," என்றேன். "டப்பாவக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."