இஞ்சாருங்கோ

1

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். 'குடும்பமாக ஆற்றங்கரையில் கூடாரமடித்த அனுபவம்' என்று தலைப்பையும் தந்தார்கள். துபாயில் ஆறு ஏது என்று கேட்க வேண்டாம். ஹத்தா மலைப்பக்கம் வாதி இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி கூழாங்கல்லாகக் கிடந்து, மழை பெய்தால் மட்டும் ஆறாகிற பள்ளம் அது. எண்பத்தைந்தாம் ஆண்டு மாசியில் அங்கே தங்கியிருந்தோம்.

கட்டுரையாகத்தான் தொடங்கினேன். மூன்றாம் பந்தியில் அது என் தங்கையைப் பற்றியதாகிவிட்டது. வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே இதற்குக் கதை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மலைகள் செந்நிறப் போர்வை போர்த்தி…'

(வேண்டாம். அந்த மலைகள் துருப்பிடித்த இரும்பின் நிறம். போர்வை ஒன்றும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'குழாய் இல்லை, விளக்கு இல்லை, கக்கூஸ் இல்லை. இரண்டு வேல மரங்களுக்கிடையே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான்.' இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வசனத்தில் தார்ப்பாயைக் கட்டியவர் யார் என்று சொல்ல வேண்டி வருகிறது.

சொல்கிறேன். கல்யாணசுந்தரம். எங்கள் கம்பனி பிக்கப் ஓட்டியவர், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் மலைநாட்டவரோடு சம்பந்தம் செய்வதில்லை. அது சரியா பிழையா என்று வாதாட நான் இங்கே வரவில்லை. அப்படி இருந்தது.

எங்கள் ஊர்க்காரர் கந்தையாவும் வந்திருந்தார். அபுதாபியில் எஞ்சினியராக இருந்த தன் மகனுக்கு என் கடைசித் தங்கை சிவமலரைப் பேசும் எண்ணம் அவருக்கு. கூடாரம் ஒரு சாட்டு. பெண் பார்ப்பதே காரியம். சிவமலர் அப்போது என் வீட்டில் இருந்துகொண்டு, கப்பல் ஏஜென்சி ஒன்றில் தட்டெழுத்து வேலை பார்த்தாள். கந்தையா பகிடிக்காரர். கல்லின்மேல் பாயை விரித்துவிட்டு, "ஊரிலை சனம் ஆமிக்குப் பயந்து பத்தைக்குள்ளை படுக்குது, நாங்கள் பெற்றோல் அடிச்சு வந்தெல்லோ படுக்கிறம்" என்றார். சிரித்தோம்.

3

இரண்டாம் நாள் காலை எங்கள் தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. மழை மலைக்கு அப்பால் பெய்திருக்கிறது. கல்யாணசுந்தரம் பள்ளத்தில் குந்தியிருந்து தேநீர்க் கேத்திலை மண்போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். சரளைக்கல் ஏற்றிய லொறி வருவது போல் ஒரு சத்தம். வளைவில் தண்ணீர் முற்றத்துச் சுவர் உயரத்துக்கு, தேயிலைச் சாயத்தின் நிறத்தில்…

(தண்ணீரை வருணிப்பது தப்பியோடும் வழி. அடுத்த வரிக்கு வருகிறேன்.)

சிவமலர் கத்தினாள்: "இஞ்சாருங்கோ! மேலை ஏறுங்கோ!"

அவர் ஏறிவிட்டார். கேத்தில் மட்டும் போனது.

4

அகராதிப்படி அந்தச் சொல்லுக்கு 'இங்கே பாருங்கள்' என்பதுதான் பொருள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண் அந்தக் குரலில் ஒருவரைத்தான் அப்படிக் கூப்பிடுவாள். பெயர் சொல்லக் கூடாத ஒருவரை.

'கல்யாணசுந்தரம் அண்ணை' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் வெள்ளம் வந்துவிடும்.

கந்தையாவின் முகத்தில் பகிடி இல்லை. "ஆரைப் பிள்ளை கூப்பிட்டனீர்?" என்று கேட்டார்.

சிவமலர் என்னைப் பார்த்தாள். கல்யாணசுந்தரம் இடுப்பில் நனைந்த சாரத்தோடு பக்கத்தில் நின்றார்.

"எல்லாரையும்தான் மாமா."

என் தங்கை குடும்ப மானத்தைக் காத்துவிட்டாள் என்று என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். கல்யாணசுந்தரம் என்னிடம், "கேத்தில் போயிருச்சுங்க ஐயா, வேற வாங்கிக்கலாம்" என்றார். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனார். அங்கே ஃபஹாஹீலில் இருப்பதாகக் கேள்வி. கந்தையாவின் மகனைச் சிவமலர் வேண்டாம் என்றாள். பின்னர் வந்தவர்களையும் வேண்டாம் என்றாள். நான் காரணம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே எழுதுகிறவனின் சிக்கல் இது. அந்தச் சொல்லை அச்சிட்டால் எங்களுக்காக அவள் சொன்ன பொய்யைக் காட்டிக்கொடுக்கிறேன். அச்சிடாவிட்டால் அந்தப் பொய்யில் நானும் கையொப்பமிடுகிறேன்.

5

எழுதியதை அவளிடமே கொடுத்தேன். (ஒரு பெண்ணின் பெயரை அச்சேற்றுமுன் அவளைக் கேட்பதுதான் முறை.) அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள். அந்தச் சொல்லை வெட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு பிழை இருக்கு அண்ணை," என்றாள். "எனக்கு முந்தி நீங்கள் 'ஐசே, ஐசே' எண்டு கத்தினனீங்கள். கந்தையா மாமாவும் கத்தினவர். அந்தச் சத்தத்திலை அவர் ஒண்டுக்கும் திரும்பேல்லை. நான் கூப்பிட்டதுக்குத்தான் திரும்பினவர். அதையும் போடுங்கோ."

போட்டுவிட்டேன்.

6

முடிவாக இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கல்யாணசுந்தரம் குவைத்தில் மணமுடித்துப் பிள்ளைகளோடு இருக்கிறார். மற்றதில்… இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இந்த வயதில் முதுகு அவ்வளவு வளையாது. எழுதத்தான் முடிகிறது.

இந்த மலர் குவைத்துக்கும் போகிறது. ஃபஹாஹீலில் இதை வாசிக்கிறவர்களில் ஒருவருக்கு முடிவை விட்டுவிடுகிறேன். நாங்கள் இன்னமும் கராமாவில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் நான் வெளியே போவதில்லை. நீங்கள் வந்தால், கதவைத் திறக்க நானே வருவேன்.