மொய்யாக விழுந்த லைக்

கம்பைநல்லூர் பக்கத்தில் இருக்கும் அந்த மாம்பழக்கூழ் கம்பெனிக்கு மூன்று மாநிலங்களில் கிளைகள் உண்டு. தொழிலாளிகளின் யோசனைகளைத் திரட்ட ஒரு சாப்ட்வேர் வாங்கும்படி தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. இரண்டை ஓட்டிப் பார்த்து எது தேவலை என்று ரிப்போர்ட் எழுதுவது பானுமதியின் பொறுப்பு.

முதலாவதில் யோசனை சொன்னவரின் பேரும் போட்டோவும் வரும். பிடித்தவர்கள் லைக் போடலாம். இரண்டாவதில் யார் பேரும் வராது. மேனேஜர் மாதவராஜுக்கு முதலாவதின் மேல்தான் கண். டீ நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அவரே அதில் ஒரு யோசனை போட்டிருந்தார். லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது.

"பாத்தீங்களாம்மா, ஆளுங்களே ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கெழமையிலருந்து குறைச்சிடலாம். ரிப்போர்ட்டயும் இதுக்கே எழுதிடுங்க."

பானுமதிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. பழம் கழுவும் ஷெட்டுக்குப் போய், அங்கே வேலை செய்யும் மாதம்மாளைப் பிடித்தாள்.

"ஏங்க்கா, உங்க டீயக் குறைக்கறதுக்கு நீங்களே லைக் போட்டிருக்கீங்க?"

"போடாம? சாரோட பேரு, போட்டோ எல்லாம் வருது. விசேஷ வூட்டுக்குப் போயி மொய் வைக்காம வருவமா? நாளைக்கி நானு ஒண்ணு போட்டா அவரும் போடணுமில்ல."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"மொய் வைக்கிறவ பத்திரிகைய முழுசாவா படிப்பா?"

சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்குத் திரும்பிய பானுமதி, மேனேஜரின் அதே யோசனையை எழுத்து மாறாமல் இரண்டாவது சாப்ட்வேரில் போட்டாள். மறுநாள் சாயங்காலம், அதற்கு வந்திருந்த பதில்களைத் திறந்து போனை அவர் மேசையில் வைத்தாள்.

'இதச் சொன்னவரு வூட்ல டீத்தூளு தீந்துபோச்சா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'கேன்டீன் தூரமா கெடக்குது. டீய ஷெட்டு வாசலுக்கே கொண்டாந்தா நடக்கற நேரம் மிச்சமில்ல?' என்று இன்னொருவர்.

மாதவராஜின் முகம் சுருங்கியது. "யாரு எழுதுனது இது?"

"தெரியாதுங்க சார். இதுல யாருக்கும் தெரியாது."

"எனக்குமா?"

"உங்களுக்குந்தாங்க. யோசனை உங்களுதுன்னு அவங்களுக்கும் தெரியாது."

அவர் மறுபடி படித்தார். டீத்தூளுக்கு வந்ததும் உதடு கோணிச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நல்லவேளை," என்றார். "அப்ப இதயே வாங்கிடலாம்."

திங்கட்கிழமை டீ நேரம் குறையவில்லை. டீ கேன்தான் ஷெட் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"இது யாரு சொன்ன யோசனைங்க்கா?" என்று கேட்டாள் பானுமதி.

"யாரோ புண்ணியவதி," என்று சொல்லி, முதல் ஆளாக டம்ளரை நீட்டினாள் மாதம்மாள்.