மிஷ்மிஷுக்கு வைத்த தார்

பூனை மிஷ்மிஷின் காதோரம் காசளவுக்கு முடி கொட்டி, வட்டமாய்ச் செதில் பூத்திருந்தது. கைக்குழந்தை அயூபின் மொட்டைத் தலையிலும் அதே வட்டம். பூனை படுப்பதே அவன் தொட்டிலில்தானே! அவன் அம்மா கெல்தூம் ரொம்ப யோசிக்கவில்லை. எஸ்ஸவீராவில் ஆட்டுக்குச் சொறி வந்தால் கத்ரான்தான். கட்டையை எரித்து வடிக்கிற கறுப்புத் தார். தண்ணீர்க் கிண்ணத்திலும் மணத்துக்கு அதில் ஒரு சொட்டு தடவிக் குடிக்கிற ஊர். வாயில் போகிற சாமான் தோலை என்ன செய்துவிடப் போகிறது?

காலையில் மிஷ்மிஷுக்குத் தாராளமாகத் தடவினாள். மதியத்துக்குள் அது வாயில் நுரை தள்ளி, பின்னங்கால் துவண்டு விழுந்தது. அதைச் சால்வையில் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றே புருஷன் மிலூதிடம் கத்தினாள்.

"எந்தக் கழிசடையையோ தின்னு தொலைச்சிருக்கு! நான் டாக்டர்கிட்ட ஓடுறேன். புள்ள தலைக்கும் அந்தக் கத்ரானை வச்சுடுங்க!"

பூனையை மேசையில் கிடத்தியதுமே டாக்டர் பஹியா மூக்கைச் சுளித்தார்.

"கத்ரானா? எந்தப் புண்ணியவதி வச்சது?"

"நான்தான் டாக்டரம்மா. நாமளே குடிக்கிறோமே!"

"நாம குடிக்கிறது ஒரு சொட்டு. இது நக்கியே குளிக்கிற ஜென்மம். தோல்லயும் இறங்கியிருக்கு, வயித்துக்கும் போயிருக்கு. இது வெறும் படர்தாமரைம்மா, களிம்பும் மாத்திரையும் போதும். முதல்லயே தூக்கிட்டு வந்தா என்ன கொறஞ்சா போயிடுவே?"

திட்டிக்கொண்டே ஊசி போட்டார். இருவரும் சோப்பு நுரையில் தாரைத் தேய்த்தெடுத்தார்கள். மிஷ்மிஷ் முனகியது. உயிர் இருக்கிறது என்று கெல்தூம் மூச்சு விட்டாள்.

"இது மனுஷங்களுக்கும் ஒட்டும். வீட்ல யாருக்காவது இருக்கா?"

"அயூபுக்குத் தலையில..."

"அவனுக்கு இந்தக் கண்றாவியைத் தடவித் தொலைச்சிடாதே. பச்சப்புள்ளைக்கு இது விஷம்."

கெல்தூம் ஈரக்கையோடு போனை எடுத்தாள்.

"மிலூத்! அதை வைக்காதீங்க!"

"வச்சாச்சே. நீ போனதுமே தலை முழுக்கத் தேச்சு விட்டேன். கையிலயும் கொஞ்சம் ஈஷிக்கிட்டான். சப்பிக்கிட்டே சிரிக்கிறான், போக்கிரி."

டாக்டர் போனைப் பிடுங்கினார்.

"சோப்புப் போட்டு உடனே கழுவுங்க! வாயைத் துடைங்க! அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க!"

தண்ணீர் பட்டாலே வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை. ஒரு தடவை அழுதுவிடடா என்று கெல்தூம் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். மறுமுனையில் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.