மேனேஜருக்குப் போட்ட தையல்

சண்டை என்று வந்துவிட்டால் பேக்கரிக்காரிக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்தத் தெருவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், நேற்றுக் குடிவந்தவர்கள். விடியுமுன்னே எழுந்து மூட்டை மூட்டையாக மாவு பிசைகிற கை அது. அந்தக் கையால் ஒன்று விழுந்தால் கன்னம் மறுநாள் வரைக்கும் அவளை நினைத்துக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்டவளின் மடியில் ஒரு முயலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான் அவள் புருஷன்.

அவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அவனுக்கு வரவேண்டிய கோபத்தையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து இவளே பட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேட்டு அல்ல. அவனாக ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த முயல் ஒன்றைத்தான். ஒரு வேலையும் செய்யாமல் அறை அறையாகப் போய் மோந்து பார்த்துவிட்டு, எதிலும் திருப்தி இல்லாத முகத்தோடு திரும்பி வரும். அதனால் மேனேஜர் என்று பெயர்.

மாடியில் இவர்கள், கீழே கொழுந்தன். வேன் ஓட்டுகிறான், கழுத்து பருத்த நாய் ஒன்று வளர்க்கிறான். முந்தின நாள் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து மேனேஜர் கீழ்வீட்டையும் மேற்பார்வை பார்க்கப் போய்விட்டது. நாய் வயிற்றோரம் கவ்வி உதறியது. கொழுந்தன் நாயை இழுத்தது உண்மை. இழுத்துக்கொண்டே சிரித்ததும் உண்மை.

டாக்டர் தையல் போட்டுக் கொடுத்தார். "தையல் என் பொறுப்பு. வாய் வைக்காம பாத்துக்கறது உங்க பொறுப்பு. முயல் லேசுப்பட்டது இல்ல, அரிக்க ஆரம்பிச்சா தன் குடலையே கடிச்சு இழுத்துடும்."

கழுத்தில் மாட்ட அவர் கொடுத்த பிளாஸ்டிக் கூம்பு பூனைக்கானது. மேனேஜர் தலையைச் சிலுப்பியதும் அது கழன்று கட்டிலுக்கடியில் உருண்டது. பழைய சாக்ஸின் முனையை வெட்டி உடம்பில் மாட்டினார்கள், சாக்ஸைத் தின்றது. கசப்பு மருந்து தடவினார்கள். ஜாம் தடவியதுபோல நக்கியது. மத்தியானம் டாக்டர் சின்ன அளவுக் கூம்பு வந்துவிட்டது என்று போன் பண்ண, புருஷன் சட்டையை மாட்டினான்.

"மோவாய்க்குக் கீழ ரெண்டு விரல் குடு. இந்தக் கை பின்தொடை மேல. நான் வர்ற வரைக்கும் பிடிச்சுக்க, அது போதும்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

வாசல் வரை போனவன் திரும்பினான். "கீழ இறங்காத. அவன் என்ன சொன்னாலும் சரி."

"இறங்கினா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்றாள்.

சத்தியமாக இறங்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கடியில் முயலின் தாடை வெடவெடவென்று ஆடியது. காயத்தைத் தேடி அது தலையைக் குனியும்போதெல்லாம் தூக்கிப் பிடித்தாள். "சும்மா இருடா மேனேஜரு, எனக்கும்தான் உடம்பெல்லாம் அரிக்குது" என்று கொஞ்சினாள். இத்தனை வருஷத்தில் புருஷன் வாய்திறந்து கேட்ட ஒரே உதவி இது என்று நினைத்தபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கீழே வேன் கதவு அறைந்து சாத்தும் சத்தம். கொழுந்தன் யாரிடமோ போனில் முயல் கதையைச் சொல்லிக் கெக்கலித்தான். பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் மரம் முறிகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நடையில் இருந்த முயல் கூண்டை அவன் தெருவுக்கு இழுத்துப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி வந்த பெட்டிகளின் பலகையைச் சேர்த்து வைத்துப் புருஷன் தன் கையால் செய்த கூண்டு.

"டேய்! கால ஒடிச்சுடுவேன்!"

"நடைய அடைக்குது அண்ணி. வண்டி எப்படி எடுக்கறது?"

அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அதை அவள் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஆனால் தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஆள் சேர்ந்தால் கொழுந்தனுக்குக் கால் தரையில் நிற்காது.

"எங்க வீட்டு மாடியில ரெண்டு முயலுங்க" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "ஒண்ணுக்குத் தையல் போட்டாச்சு. இன்னொண்ணு சட்டை மாட்டிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு நடந்து போயிருக்கு."

கூட்டம் சிரித்தது. அவள் காதுக்குள் இரத்தம் இரைந்தது. முயலைத் துண்டில் பச்சைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றினாள். பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தாள். "ஒரே நிமிஷம்டா" என்றாள்.

படியிறங்கி ஓடிப்போய் அவள் விட்ட முதல் அறையிலேயே அவன் போன் பறந்தது. இரண்டாவதற்கு அவன் அவளுடைய கூந்தலைக் கையில் சுற்றித் தலையை வேன் கதவில் மோதினான். கண்ணுக்குள் பொறி பறந்தது. மறுபடியும் மோதினான். முகத்துக்கு நேரே வந்த கையைக் கவ்வினாள். கட்டை விரல் அகப்பட்டது. பல்லில் எலும்பு தட்டும் வரை விடவில்லை. அவன் அலறிக்கொண்டு முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தான். சங்கிலியில் நாய் துள்ளித் துள்ளிக் குரைத்தது. கீழே கிடந்த கூண்டுப் பலகை கைக்குக் கிடைத்தது. வீசினாள். அதில் ஆணி இருந்தது. அவனுக்குப் புருவத்திலிருந்து காதுவரை கிழிந்து தோல் மடங்கித் தொங்கியது. இன்னொரு வீச்சு மூக்கில் விழுந்தது. மூக்கு உடையும் சத்தத்தை நின்றிருந்த எல்லாருமே கேட்டார்கள். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரத்தத்தை ஏந்திக்கொண்டான்.

அப்போதே அவள் மாடி ஏறிப் போயிருக்கலாம். அடித்ததற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை, பேசியதற்குத்தான் ஆயிற்று. கூட்டம் பெருத்துவிட்டது. ஜன்னல்களெல்லாம் திறந்துவிட்டன. இவ்வளவு பேர் கிடைக்கும்போது வாயை மூடிக்கொண்டு போக அவளுக்குத் தெரியாது. அண்ணனை இவன் ஏய்த்தது, அப்பா சாகக் கிடந்தபோது வேனை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியது, பெண் பார்க்கப் போன இடத்தில் துரத்தப்பட்டது என்று ஆதியோடந்தமாக ஆரம்பித்தாள். "எம் புருஷனாடா முயலு? சொல்லுடா, யாருடா முயலு?" அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இருந்தும் அவன் வாயால் சொன்னால்தான் ஆயிற்று என்று நின்றாள். வாழ்க்கையில் அவளுக்கு அவ்வளவு நிறைவாக இருந்த நாள் குறைவு.

மூச்சு வாங்க மாடியேறி உள்ளே வந்தபோது துண்டு அவிழ்ந்து கிடந்தது.

மேனேஜர் தொட்டியில் ஒருக்களித்து, தழை தின்பதுபோல நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. தையல் ஒன்றுகூட மிச்சமில்லை. வயிறு வாய் பிளந்திருந்தது. நீலமாகவும் சிவப்பாகவும் ஏதோ வெளியே சரிந்திருக்க, அதையும் இழுத்து இழுத்து மென்றது. தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். வாயோடு கூடவே வந்தது. "ஐயோ, விடுடா! விடுடா!" வாயைப் பிளந்து பிடுங்கினாள். அவள் விரலையும் அது கடித்தது. துண்டால் வயிற்றை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் இரத்தம் எது, கொழுந்தன் இரத்தம் எது என்று தெரியாதபடி கையெல்லாம் சிவந்திருந்தது. அழுத்த அழுத்தத் துண்டு நனைந்துகொண்டே வந்தது. பயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புருஷன் வந்தான். தெருவில் கூண்டையும் தம்பியையும் தாண்டித்தானே வரவேண்டும், எல்லாம் பார்த்திருப்பான். கையில் சின்னக் கூம்பு.

"உங்களத்தாங்க சொன்னான். உங்களச் சொன்னா நான் எப்படிங்க கேட்டுக்கிட்டு இருப்பேன்? உங்களுக்காகத்தான் போனேன்."

அவன் மண்டியிட்டு முயலைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான். கண்ணாடி அறுக்கிற அதே பதனத்தோடு கூம்பை விரித்து அதன் கழுத்தில் பொருத்திக் கொக்கியை மாட்டினான்.

"அளவு சரியா இருக்கு" என்றான்.

மேனேஜர் இரண்டு தடவை குனியப் பார்த்தது. எட்டவில்லை. கொஞ்ச நேரம் விலா ஏறி இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது.

"ஏங்க" என்றாள்.

அவன் அவள் கைகளைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு சொல் சொல்லாதவன்.

"இப்ப கை ரெண்டும் சும்மாதானே இருக்கு" என்றான். "போ. போய் இன்னும் யாரையாவது அடிச்சுட்டு வா."